அர்மென்டா வீட்டு இரண்டு உறைகள்

என் பெயர் மார்லா எகெர்ட். வயது நாற்பத்தேழு. அரிசோனா மாநிலம், பாலோ செகோ, சைப்ரஸ் தெரு, 418ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். வேதியியலில் பட்டம் பெற்றவள். ஊர்க் குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மணமுறிவு பெற்றுத் தனியாக வசிக்கிறேன். இதற்கு முன் என் மீது வழக்கு எதுவும் இல்லை. இந்த வாக்குமூலத்தை 2022 நவம்பர் 17, வியாழக்கிழமை காலை 10.20 மணிக்கு, ஷெரிப் அலுவலகத்தில், துணை ஷெரிப் ஹோமர் டிராஸ்க் அவர்களிடம் தருகிறேன். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று அவர் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். யாரும் வற்புறுத்தி வரவில்லை. ஒருவர் போகச் சொன்னார், வந்திருக்கிறேன். அவர் யார் என்பது அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

கடந்த செப்டம்பர் மாதம் எங்கள் தேவாலயக் கூடத்தில் திரு. வெர்னன் ஸ்டக்கி ஒரு கூட்டம் நடத்தினார். அவர் டயர் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். வாக்குச்சீட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பெட்டியில் போடுகிறார்கள் என்றும், தேர்தல் முடியும் வரை பெட்டிக்கு எதிரே குடிமக்கள் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்றும் பேசினார். நான் அதைப் பற்றி இணையத்தில் நிறையப் படித்திருந்தேன். அதில் பாதியை நம்பினேன், மீதிப் பாதியை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. நேரத்தைத் தவறாமல் குறித்துவைக்கக் கூடியவர் யாராவது உண்டா என்று அவர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன்.

இங்கே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும்; அதை நிரப்பி, உறையில் வைத்து, உறை மேல் கையெழுத்திட்டு, தன்னுடையதையும் தன் வீட்டாருடையதையும் மட்டும் இந்தப் பெட்டியில் போடலாம். பெட்டி, மாவட்ட அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் இருக்கிறது. இரும்புப் பெட்டி, சிமெண்டுத் தரையில் திருகாணி போட்டு முடுக்கியது. அதற்கு மேலே மாவட்டத்தின் சொந்தக் கேமரா ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. எழுபத்தைந்து அடிக்கு அப்பால்தான் உட்கார வேண்டும், யாரிடமும் பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது என்று திரு. ஸ்டக்கி முதல் நாளே சொன்னார். அரளிச் செடி வேலி ஓரமாக மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். அவர் பட்டாளத்துக்காரர்கள் போடுவது மாதிரிப் பச்சைச் சட்டை போட்டு, இடுப்பில் துப்பாக்கியும் வைத்திருந்தார். துப்பாக்கி வைத்துக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றமில்லை. எங்கள் வண்டிகளின் எண் பலகைகளைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். வருகிறவர்களின் எண் பலகைகளை நான் நோட்டில் எழுதினேன்.

ஏன் சேர்ந்தீர்கள் என்று துணை ஷெரிப் கேட்டார். மேலே சொன்ன காரணம் உண்மை. இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். நான் வேலை முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறேன் என்று ஆறு வருடமாக யாரும் கேட்டதில்லை. அரளி வேலி ஓரத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் தாமதமானால் என்னாயிற்று என்று போன் செய்தார்கள். ஒருவர் பூசணி ரொட்டி கொண்டுவந்தால் எனக்கு ஓரத்துத் துண்டு பிடிக்கும் என்று எடுத்து வைத்தார்கள்.

அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை மாலை 4.05 மணிக்கு வெள்ளை நிறப் பழைய பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் திரு. ஃபெர்மின் அர்மென்டா, வயது எழுபத்தொன்பது, தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த விவரங்கள் அப்போது எனக்குத் தெரியாது. அவர் இரண்டு பச்சை உறைகளோடு இறங்கிப் பெட்டியை நோக்கிப் போகாமல் வண்டியின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தார். அங்கே அவர் மனைவி திருமதி ஒஃபேலியா அர்மென்டா, வயது எழுபத்தாறு, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு உட்கார்ந்திருந்தார். அவரை இறக்கி, சிலிண்டர் வைத்த சிறு தள்ளுவண்டியையும் இறக்கி, குழாய் சிக்காமல் எடுத்துவிட்டு, இருவரும் கைகோத்து நடந்து வந்தார்கள். வண்டியிலிருந்து பெட்டி வரை முப்பது அடி இருக்கும். அதற்குள் இரண்டு தடவை நின்றார்கள்.

அதன் பிறகு நான் கேமராவோடு எழுந்து, எழுபத்தைந்து அடிக் கோட்டைத் தாண்டி, அவர்களிடமிருந்து ஏழெட்டு அடி தூரத்தில் போய் நின்றேன். திரு. ஸ்டக்கி என்னைப் போகச் சொல்லவில்லை. உறைகளின் பின்பக்கத்தில் வாக்காளரின் பெயர் அச்சிட்டிருக்கும், அதன் கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கம் தெரியும்படி திரு. அர்மென்டா பிடித்திருந்தார். நான் வரிசையாகப் பத்துப் படம் எடுத்தேன். அதன் பிறகு அவரிடம், "ரெண்டு உறையும் யாரோடது?" என்று கேட்டேன்.

அவர், "ஒண்ணு என்னோடது, ஒண்ணு இவளோடது. இவ இங்கதானே நிக்கிறா?" என்றார்.

திருமதி அர்மென்டா என்னைப் பார்த்து, "ஏம்மா, படம் எடுக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லக் கூடாதா? இந்தக் குழாயக் கழட்டிட்டு நின்னிருப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் திரு. ஸ்டக்கி என் பின்னால் வந்து நின்று, அடையாள அட்டை இருக்கிறதா என்று அவர்களைக் கேட்டார். பெட்டியில் உறையைப் போட அடையாள அட்டை தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருமதி அர்மென்டா அவருடைய இடுப்பைப் பார்த்தார், அதன் பிறகு சிரிப்பு இல்லை. கணவர் கையிலிருந்த இரண்டு உறைகளையும் வாங்கி அவரே பெட்டிக்குள் போட்டார். இருவரும் வண்டிக்குத் திரும்பினார்கள். திரு. அர்மென்டாவால் சாவியைத் துவாரத்துக்குள் போட முடியவில்லை. நான் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குக் கணக்குத் தெரியும். அவர் வண்டியைக் கிளப்ப நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடமும் அவர் மனைவி அவருடைய முழங்கை மேல் கையை வைத்திருந்தார்.

அன்று மாலை நான் படங்களைத் திரு. ஸ்டக்கிக்கு அனுப்பினேன். அவர் நான்காவது படத்தை எடுத்து இணையத்தில் போட்டார். ஏழு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அதைப் பார்த்தேன். படத்தில் திரு. அர்மென்டா மட்டும் இருந்தார். கையில் உறைகள், பின்னால் வண்டியின் எண் பலகை. பாலோ செகோவில் வாக்குத் திருடன் பிடிபட்டான் என்று மேலே எழுதியிருந்தது. நான் எடுத்த படத்தில் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி நின்றிருந்தார். அவரைப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். திரு. அர்மென்டாவின் மணிக்கட்டில் வேறொருவர் விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

அவர் மனைவி பக்கத்தில்தான் நின்றார் என்று கீழே எழுத ஆரம்பித்தேன். எழுதியதை அழித்துவிட்டேன். எழுதினால் மறுநாள் என் நாற்காலி அங்கே இருக்காது என்று நினைத்தேன். இதைத் துணை ஷெரிப் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் அவர்களுடைய வீட்டு விலாசத்தையும் போன் எண்ணையும் கண்டுபிடித்து அங்கே போட்டார். அதையும் பார்த்தேன். பார்த்த பிறகு தட்டைக் கழுவி வைத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நவம்பர் 8ஆம் தேதி தேர்தல் நடந்தது. நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் திரு. ஸ்டக்கி எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். பதிவேட்டில் இருப்பதோடு கையெழுத்து ஒத்துப்போகாததால் எண்ணாமல் நிறுத்தி வைத்திருக்கும் வாக்குகளின் பட்டியல் ஒன்று கட்சிக்காரர்கள் மூலம் அவருக்குக் கிடைத்திருந்தது. அதில் ஃபெர்மின் அர்மென்டா, ஒஃபேலியா அர்மென்டா என்று இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அவர் மேஜையைத் தட்டி, "பாத்தியா மார்லா! நான் சொன்னேன்ல? உன் கண்ணு கண்ணுதான்!" என்றார். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கேமராவைத் திறந்து பத்துப் படங்களையும் முதல் தடவையாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குழாய்த் தண்ணீரில் கெடுதல் இருப்பதாகத் தெரிந்தால், அதே குழாயில் மறுபடி பிடித்துச் சோதிக்காமல் காகிதத்தில் எதுவும் எழுத மாட்டோம். பதினெட்டு வருடமாக ஒரு நாளும் நான் அதைத் தவறியதில்லை. ஒன்பதாவது படத்தில் திரு. அர்மென்டா இரண்டு உறைகளையும் சீட்டாட்டத்தில் சீட்டைப் பிடிப்பது போல விரித்துப் பிடித்திருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபெர்மின் என்று அச்சிட்ட உறையின் கீழே வட்டமான ஒரு பெரிய 'ஒ' எழுத்தில் தொடங்கும் கையெழுத்து இருந்தது. ஒஃபேலியா என்று அச்சிட்ட உறையின் கீழே, வேலிக் கம்பிகள் மாதிரி நேர்நேராக, ஃபெர்மின் என்று எழுதியிருந்தது. அவரவர் கையெழுத்தை அவரவர்தான் போட்டிருக்கிறார்கள். உறைதான் மாறிவிட்டது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நிறத்து உறை இரண்டை அங்குமிங்கும் தள்ளியிருக்கிறார்கள்.

உடனே திரு. ஸ்டக்கிக்குப் போன் செய்தேன். நடந்த பேச்சு இது:

"வெர்னன், அவங்க உறைய மாத்திக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவ்வளவுதான் விஷயம்."

"அப்போ தப்புத்தானே?"

"தப்புதான். ஆனா கள்ள ஓட்டு இல்ல. அந்தப் படத்த எடுத்துடுங்க."

"மார்லா, நீ எந்தப் பக்கம்னு மறந்துட்டியா?"

"அவங்க யாருக்குப் போட்டாங்கன்னே நமக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். படம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. திரு. ஸ்டக்கியைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. போன வருடம் என் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏறி ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

மறுநாள் நவம்பர் 14, திங்கட்கிழமை காலை மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அடுத்தவர் வாக்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று அங்கிருந்த பெண் சொன்னார். பொதுவாக, கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் வாக்காளரைப் போனில் அழைப்போம், கடிதமும் போடுவோம், அவர் போனிலேயே உறுதிசெய்தால் போதும், நவம்பர் 16 மாலை 5 மணிக்குள் சொல்லாவிட்டால் அந்த வாக்கு எண்ணப்படாது என்றார். சில வீடுகளில் எத்தனை தடவை அடித்தாலும் எடுப்பதில்லை என்றும் சொன்னார்.

அதன் பிறகு இணையத்தில் போட்டிருந்த எண்ணுக்கு நானே அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. திரு. அர்மென்டா போனைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. படம் வெளியான மறுநாள் காலையிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் அழைத்து, திருடன் என்றும், உன் நாட்டுக்குப் போ என்றும், வீடு தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிறந்தது பாலோ செகோவில்தான், என் வீட்டிலிருந்து ஆறு தெரு தள்ளி. தினமும் மாலை ஆறு மணிக்குப் போனைச் சொருகி, நெவாடாவில் இருக்கும் மகளிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, மறுபடி பிடுங்கி வைப்பார். மகளிடம் எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போகும் தபால் பெட்டி தெரு முனையில் இருக்கிறது, அதற்கும் அவர் போகவில்லை. தேர்தல் அலுவலகத்தின் கடிதம் அதற்குள்ளேயே கிடந்தது.

திங்கட்கிழமை மாலை 5.30 மணிக்கு மெஸ்கீட் தெருவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். திரை அசைந்தது, யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில், நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனேன். தட்டியபோது திரு. அர்மென்டா உள்ளேயிருந்து, "நீ அந்தப் படம் எடுத்தவதானே? இன்னும் என்ன வேணும் உனக்கு? போ" என்றார். காகிதத்தைக் கம்பிக்கதவில் செருகிவிட்டு வந்தேன். மாலையில் வந்து பார்த்தபோது செருகிய இடத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடப் பயந்தார் என்று திருமதி அர்மென்டா பிறகு சொன்னார்.

அவர்களுடைய வாக்கு எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று துணை ஷெரிப் கேட்டார். ஒரு பிக்கப் வண்டியிலிருந்து இரும்புப் பெட்டி வரை முப்பது அடியை இரண்டு தடவை நின்று நடந்து வந்ததை நான் ஏழெட்டு அடி தூரத்திலிருந்து பார்த்தேன். அது வீணாகப் போகும்படி நான் இரண்டு காரியம் செய்திருந்தேன். ஒன்று படம், இன்னொன்று வெட்டியதைப் பார்த்தும் பேசாமலிருந்தது. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

நவம்பர் 16, புதன்கிழமை, அதாவது நேற்று, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பகல் 1 மணிக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. அதனால் வேலிக்கு வெளியே தெருவில் நின்று சத்தமாகச் சொன்னேன். "மிஸ்டர் அர்மென்டா, உங்க ரெண்டு பேர் ஓட்டையும் எண்ணாம வச்சிருக்காங்க. உறைய மாத்திக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அஞ்சு மணிக்குள்ள ஒரு போன் பண்ணினாப் போதும்." இதையே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொன்னேன். எண்ணையும் சொன்னேன். வெயில் அதிகமில்லை. எதிர்வீட்டு அம்மையார் வெளியே வந்து, "உங்க ஆளுங்க அவங்கள இன்னும் விடலையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் உள்ளே போய்விட்டார். அவர்தான் ஷெரிப் அலுவலகத்துக்குச் சொன்னார். அவர் செய்தது சரி.

2.35 மணிக்குத் துணை ஷெரிப் டிராஸ்க் வந்தார். "மேடம், மூணு நாளா இவங்க வாசல்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நான் அவரிடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்து தேர்தல் அலுவலகத்துக்குப் போன் செய்து, அப்படி ஒரு கெடு உண்டா என்று கேட்டார். திரும்பி வந்து, என்னை வேலிக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் போய்க் கதவைத் தட்டினார்.

திரு. அர்மென்டா சங்கிலி மாட்டியபடி கதவை நான்கு விரல் அகலம் திறந்தார். துணை ஷெரிப் விளக்கிச் சொன்னதற்கு, "நாங்க எதுவும் தப்புப் பண்ணல சார். ஓட்டே வேண்டாம், விட்டுடுங்க" என்றார். இதை அவர் மூன்று தடவை சொன்னார். அதன் பிறகு உள்ளேயிருந்து திருமதி அர்மென்டாவின் குரல் கேட்டது. மெதுவாகப் பேசினாலும் தெருவில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது.

"உனக்கு வேண்டாம்னா உன் ஓட்ட விட்டுடு, கிழவா. என் ஓட்ட விட நீ யாரு? கதவத் திற. கத்திப் பேச எனக்கு மூச்சு இல்ல."

கதவு திறந்தது. துணை ஷெரிப் என்னைத் திரும்பிப் பார்த்து, முற்றத்தில் இருக்கும் படி வரை வரலாம் என்று கைகாட்டினார். நான் படியில் நின்றேன். கம்பிக்கதவு வழியாகச் சமையலறை தெரிந்தது. மேஜை சிறியது, இருவர் உட்காரத்தான் இடம். திரு. அர்மென்டா போனைச் சுவரில் சொருகினார். சொருகிய கையை உடனே எடுக்காமல், மணி அடிக்கப்போகிறது என்று நினைத்தவர் போல, சிறிது நேரம் அதன் மேலேயே வைத்திருந்தார்.

3.50 மணிக்குத் தேர்தல் அலுவலகத்தை அழைத்தார்கள். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. அலுவலகப் பெண் பிறந்த தேதி, விலாசம் எல்லாம் கேட்டுவிட்டு, கணவரின் உறையில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று கேட்டார்.

"என்னோடதுதான். இவர்தான் அத என் பக்கம் தள்ளினாரு" என்றார் திருமதி அர்மென்டா.

"நான் எங்க தள்ளினேன்? நீதான் காபிக் கப்ப நகத்தறேன்னு எல்லாத்தையும் நகத்தின."

"பேர படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதானே?"

"நீ படிச்சியா?"

"எனக்குக் கண்ணாடி இல்ல. அது உன் மூக்குல இருந்துச்சு."

அலுவலகப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கவலைப்பட வேண்டாம், ஒவ்வொரு தேர்தலிலும் இது மாதிரி ஜோடிகள் உண்டு என்றார். அவர் தனித்தனியாகக் கேட்டார், இருவரும் தனித்தனியாகப் பதில் சொன்னார்கள். 4.12 மணிக்கு இரண்டு உறைகளும் ஏற்கப்பட்டன என்று சொன்னார். திரு. அர்மென்டா போனைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மனைவியின் மூக்கில் மாட்டிவிட்டார். குழாயில் படாமல் காதோரத்தில் கம்பியை ஒதுக்கி விட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். துணை ஷெரிப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி நின்றார். இதை அவர் எழுத வேண்டாம் என்றார், நான் எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு திருமதி அர்மென்டா என்னை உள்ளே வரச் சொன்னார். இரண்டு நாற்காலிதான் இருந்தது, அதனால் நின்றேன். திரு. அர்மென்டா, எதிர்வீட்டார் கொடுத்த புகாரையும், படத்தைப் பற்றிய விஷயத்தையும் இதோடு விட்டுவிடலாம் என்று துணை ஷெரிப்பிடம் சொன்னார். மூன்று நாளாக அந்தப் பெண் வாசலில் நின்றதே போதும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

திருமதி அர்மென்டா ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்கு விடணும்? இன்னைக்கு இவ நல்லது பண்ணினா. சரி. அது இன்னைக்கு. பத்தொன்பது நாளா நீ ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு ஜன்னலப் பாத்தியே, அது யாரோட கணக்கு?" என்று கணவரிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி மூச்சு வாங்கிக்கொண்டார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

"ஏம்மா, நீ படிச்சவ. எழுதத் தெரிஞ்சவ. நீயே போயிச் சொல்லு. ஒண்ணும் விடாம வரிசையாச் சொல்லு. படத்துல என்னை வெட்டிட்டாங்கல்ல? சொல்றப்போ என்னையும் சேத்துச் சொல்லு" என்றார்.

சரி என்றேன். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். அந்தப் பத்தொன்பது நாளில் அவர் என்னை என்ன பெயரால் குறிப்பிட்டுவந்தார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வெளியே வரும்போது திரு. அர்மென்டா எனக்கு முன்னால் போய்த் தபால் பெட்டியைத் திறந்தார். கடிதங்கள் நிறைந்திருந்தன. ஒரு கையால் பிடிக்க முடியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் உதவட்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

வாக்குப்பெட்டியைக் குடிமக்கள் கவனிப்பது தவறு என்று நினைக்கிறீர்களா என்று துணை ஷெரிப் கடைசியாகக் கேட்டார். தவறு என்று நான் சொல்லவில்லை. தேர்தல் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அங்கே உட்கார்ந்த அத்தனை நாளில் நான் அந்தப் பெட்டியைப் பற்றி என் நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியதெல்லாம் வந்தவர்களைப் பற்றி. வண்டி நிறம், வயது, தோல் நிறம், எத்தனை உறை. அந்த நோட்டையும், கேமராவையும், பத்துப் படங்களையும் இன்று துணை ஷெரிப்பிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர் கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது. இந்த விஷயத்தில் என் மீது வழக்குப் போட்டால் நான் மறுக்கப்போவதில்லை. திரு. ஸ்டக்கி மீது விசாரணை நடந்து அதில் கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன்.

துணை ஷெரிப் தட்டச்சு செய்ததை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன். ஓரிடத்தில் முதியவர்கள் பயந்திருக்கக்கூடும் என்று இருந்தது. நான் அவர்களைப் பயமுறுத்தினேன் என்று மாற்றச் சொன்னேன். இன்னோரிடத்தில், அக்டோபர் 28 மாலை திரு. அர்மென்டா வந்து இரண்டு உறைகளைப் பெட்டியில் போட்டார் என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, இருவரும் கைகோத்து நடந்து வந்தார்கள், உறைகளைப் பெட்டியில் போட்டவர் ஒஃபேலியா அர்மென்டா என்று எழுதச் சொன்னேன். எழுதினார். இரண்டு திருத்தத்தின் ஓரத்திலும் என் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் அப்படித்தான்.

(ஒப்பம்)
மார்லா எகெர்ட்
17.11.2022, பகல் 12.45 மணி

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, வாசித்துக் காட்டித் திருத்தப்பட்டது.
ஹோமர் டிராஸ்க், துணை ஷெரிப்